பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப்: சேரி வீட்டின் வரலாறு பேசும் சொற்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் நடந்தது இது. அரசு வீட்டுத் திட்டத்தில் பணி ஆணை வாங்கிய ஒரு பெரியம்மாவுடன் போயிருந்தேன். அவர் வீட்டுக்குச் சுவர் எழுப்பி, கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டாவது பில் வரவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, உன் வீடு இன்னும் பேஸ்மட்டத்துலதான் நிக்குது. லிண்டல்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

பெரியம்மா அவரிடம் பதில் பேசவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "முப்பது வருசமா ஊரான் வீட்டு லிண்டலுக்கெல்லாம் சாரத்துல நின்னு கலவை ஏத்திக் குடுத்தவ நானு. என்னையப் பாத்துக் கேக்குறாரு பாரு தம்பி."

தோழர்களே, இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஊரில் எழும்பிய மாடி வீடுகளில் கலவை சுமந்ததும், கம்பி கட்டியதும், செங்கல் அறுத்ததும் பெரும்பாலும் நம் மக்கள்தான். கட்டுமானச் சொற்கள் எல்லாம் அவர்கள் கையில் இருக்கின்றன. ஆனால் அதே சொற்கள் காகிதத்தில் ஏறும்போது வேறு யாரோ எழுதுகிறார்கள்; நாம் கைநாட்டு வைக்கிறோம். இதன் விளைவு பில் தாமதத்தோடு நிற்பதில்லை. வீடு ஒழுகினால், இடிந்தால், எரிந்தால் பழி யார் மேல் விழுகிறது என்பதையும் அந்தக் காகிதம்தான் முடிவு செய்கிறது. அதனால் மனை முதல் ரூஃப் வரை ஒவ்வொரு சொல்லாக எடுத்து, அது எந்த வரலாற்றைக் கடந்து நம் சேரிக்கு வந்தது என்று பார்ப்போம்.

மனை

வீட்டுக்கு முதலில் வேண்டியது மனை. வருவாய்த் துறைக் கணக்கில் குடியிருப்பு நிலத்துக்கு 'நத்தம்' என்று பெயர். தாசில்தார் அலுவலகத்தில் பட்டா கேட்டுப் போனால் முதல் கேள்வியே "என்ன வகைப்பாடு?" என்பதுதான். நத்தம் என்றால் குடியிருக்க உரிமை உண்டு. மேய்க்கால், நீர்நிலை, பாதைப் புறம்போக்கு என்றால் என்றைக்கு வேண்டுமானாலும் நோட்டீஸ் வரலாம்.

இந்த ஒரு சொல்லுக்காக நம் முன்னோர்கள் நூறு வருடத்துக்கு மேல் போராடியிருக்கிறார்கள். மிராசி முறை இருந்த செங்கல்பட்டிலும் தஞ்சையிலும் சேரி இருந்த மண்ணும் தங்களுடையதே என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். கூலி கேட்டால், வேறு இடத்துக்கு வேலைக்குப் போனால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்பு" என்று சொல்ல முடிந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கை விளைநிலத்தோடு இந்த மனைச் சிக்கலையும் பேசியது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வதற்கு அடித்தளமான 1892ஆம் ஆண்டு அரசாணை அந்த அறிக்கையைத் தொடர்ந்து வந்ததுதான். 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கு மனை வாங்கித் தரும் வேலையைச் செய்தது. அதற்கான பணத்தை நம் மக்களே தவணையில் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1961இல்தான் ஒரு சட்டம் வந்தது. குடியிருக்கும் மனையை அங்கே வாழ்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு, குறிப்பாக மனை வழங்க, நிலம் கையகப்படுத்தும் தனிச் சட்டம் 1978இல் வந்தது. இன்று 'காலனி' என்று பெயர் பெற்ற எத்தனையோ குடியிருப்புகள் அப்படிக் கையகப்படுத்திய நிலத்தில் இருப்பவைதான்.

உங்கள் வீட்டுப் பட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 3 சென்ட் என்று போட்டிருந்தால் அது ஏறத்தாழ 1,307 சதுர அடி. அளந்து பாருங்கள். ஆவணத்தில் இருப்பது தரையில் இல்லையென்றால், உங்கள் முதல் மனுவை அங்கிருந்து தொடங்குங்கள்.

கூரை

பொறியாளர் 'ரூஃப்' என்றால் எந்த மேல்தளத்தையும் சொல்வார். நம் ஊர்ப் பேச்சில் 'கூரை வீடு' என்றால் அது ஓலையோ கீற்றோ வைக்கோலோ வேய்ந்த வீடுதான். அரசுக் கணக்கெடுப்பில் இதற்குக் 'கச்சா வீடு' என்று பெயர். செங்கல், சிமெண்ட், கான்கிரீட் என்றால் 'பக்கா வீடு'.

நம் மக்கள் கூரை வீட்டில் இருந்தது வறுமையால் மட்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது பாதி உண்மை. நாளைக்கே வெளியேறச் சொல்லக்கூடிய மண்ணில் யார் அஸ்திவாரம் போடுவார்கள்? மேலும், வீட்டின் உயரமும் பொருளும்கூட சாதியால் அளக்கப்பட்டன. பழைய திருவிதாங்கூரில் அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார்களே ஒரு மாடிக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் இருந்தார்கள். அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கூரை என்ற சொல்லின் முழுக் கொடூரத்தையும் 1968 டிசம்பர் 25 இரவு பார்த்தோம். அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டதற்காகத் தாக்க வந்தவர்களிடமிருந்து தப்பிக்க ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்தவர்கள் அங்கேயே எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர். அந்த வீட்டின் கூரையும் தீக்கு இரையாகும் பொருளாக இருந்தது. கொன்றது தீக்குச்சியைக் கிழித்தவர்கள்தான். ஆனால் தப்பிக்க வழியில்லாத வீட்டில் நம்மை வைத்திருந்தது ஒரு நீண்ட ஏற்பாடு.

ஆறு வருடம் கழித்து, 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டது. இன்று தாட்கோ என்றால் தொழில் கடன் என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அது தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேலை ஆதிதிராவிடர்களுக்குத் 'தீப்பிடிக்காத வீடு' கட்டித் தருவது. அந்தச் சொல்லை நிதானமாகப் படியுங்கள். காற்றோட்டமான வீடு, அழகான வீடு, விசாலமான வீடு என்றெல்லாம் அது சொல்லவில்லை. நமக்கு வீட்டில் இருந்த முதல் ஆபத்து எது என்பதை அரசே ஒப்புக்கொண்ட சொல் அது.

கடைக்காலும் பேஸ்மட்டமும்

மண்ணைத் தோண்டி வீட்டின் பாரத்தைக் கெட்டித் தரையில் இறக்குவதுதான் அஸ்திவாரம். வட மாவட்டங்களில் கடைக்கால் என்பார்கள், தெற்கே வானம் தோண்டுவது என்பார்கள். தரைக்கு மேலே வீட்டின் தளம் வரைக்கும் எழும்பும் பகுதி பேஸ்மட்டம். எஸ்டிமேட்டில் இதைப் 'பிளிந்த்' என்று எழுதுவார்கள். சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி உயரம் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பின் அளவு.

சேரிகள் பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கின்றன. ஏரிக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில், ஊரின் கழிவுநீர் வந்து சேரும் பக்கத்தில். மேட்டு நிலம் ஊருக்குப் போய்விட்டது. பள்ளத்தில் கட்டும் வீட்டுக்கு ஒன்றரை அடி போதாது. போதாக்குறைக்கு, பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுக்கொண்டே போனால், இருபது வருடத்தில் வாசல்படி சாலைக்குக் கீழே போய்விடும். எனவே பேஸ்மட்டத்தை எங்கிருந்து அளப்பது என்று கேட்கத் தெரிய வேண்டும். தோண்டிய குழியிலிருந்து அளந்தால் எல்லா வீடும் உயரமாகத்தான் தெரியும். சாலை மட்டத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள்.

கடைக்காலிலும் இதே கதைதான். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். செம்மண்ணுக்குப் போதுமான ஆழம் கரிசலுக்குப் போதாது. ஆனால் தொகுப்பு வீடு என்றால் பல மாவட்டங்களுக்கும் ஒரே மாதிரி வரைபடம், ஒரே தொகை. மண்ணைப் பார்த்துக் கடைக்கால் போடுவது ஊர் வீட்டுக்கு. காலனிக்குத் திட்டத்தைப் பார்த்துக் கடைக்கால்.

பேஸ்மட்டத்துக்கு மேலே, சுவர் தொடங்கும் முன், ஈரம் ஏறாமல் தடுக்க ஓர் அடுக்கு போட வேண்டும். 'டி.பி.சி.' என்பார்கள். செலவு குறைவு, வெளியே தெரியாது. அதனால் விட்டுவிடுவது எளிது. சுவரின் கீழ் மூன்றடி மட்டும் எப்போதும் ஈரமாக இருந்து, வெள்ளையாக உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறதா? அந்த அடுக்கு சரியாகப் போடப்பட்டதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அளவு என்ற சொல்லிலும் ஒரு வரலாறு இருக்கிறது. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் தலித், பழங்குடி மக்களுக்கும் விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகளுக்கும் என்று தொடங்கியது. 1993-94இல்தான் மற்ற ஏழைகளுக்கும் விரிந்தது. அதில் வீட்டின் அளவு 20 சதுர மீட்டர், ஏறத்தாழ 215 சதுர அடி. 2011இல் தமிழ்நாட்டின் பசுமை வீடு 300 சதுர அடி. 2016இல் பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. 2024இல் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. நாற்பது வருடத்தில் நாம் அடைந்த முன்னேற்றம் 145 சதுர அடி.

அதிலும் 'பிளிந்த் ஏரியா' வேறு, 'கார்பெட் ஏரியா' வேறு. முதலாவதில் சுவரின் கனமும் சேரும். இரண்டாவது, நாம் பாய் விரிக்கக்கூடிய தரை. 12க்கு 18 அடியில் ஒரு வீடு என்றால் 216 சதுர அடி. ஒன்பது அங்குலச் சுவரைக் கழித்தால் உள்ளே 10.5க்கு 16.5 அடி, ஏறத்தாழ 173 சதுர அடி. நாற்பதுக்கு மேற்பட்ட சதுர அடியைச் சுவரே எடுத்துக்கொள்கிறது. மேடையில் சொல்லப்படும் எண்ணும் நம் பிள்ளைகள் படுக்கும் இடமும் ஒன்றல்ல.

லிண்டலும் ரூஃபும்

கதவு, ஜன்னல் திறப்புக்கு மேலே வரும் சுவரின் பாரத்தைத் தாங்குவது லிண்டல். அதிலிருந்து வெளியே நீட்டி மழையைத் தடுப்பது சன்ஷேடு. அதற்கு மேலே சுவர் எழுப்பி, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டால் ரூஃப். அரசுத் திட்டத்தில் பணம் வரும் படிகளும் இவையே: பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், வேலை முடிவு.

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் வளர்ந்தது எண்பதுகளின் கடைசியில் கட்டிய ஒரு தொகுப்பு வீட்டில். ஐப்பசி மழை தொடங்கினால் மேலே இருந்து காரை பெயர்ந்து விழும். ஒருமுறை தங்கையின் சோற்றுத் தட்டிலேயே விழுந்தது. துருப்பிடித்த கம்பி எலும்பு மாதிரி வெளியே தெரியும். அம்மா நடுவீட்டில் ஒரு சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். நாங்கள் அதைச் சுற்றித்தான் படித்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்: "கவர்மெண்டு கட்டிக் குடுத்தாலும் இவங்களுக்கு வெச்சிக்கத் தெரியாது."

அந்த வாக்கியத்தை நான் பல வருடம் நம்பினேன். நாங்கள்தான் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை, வெள்ளை அடிக்கவில்லை என்று வெட்கப்பட்டேன். பிறகு வேலை நிமித்தமாகக் கட்டுமானம் பற்றிப் படித்தபோதுதான் 'கவர்' என்ற சொல்லைச் சந்தித்தேன். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய கனம்தான் கவர். ரூஃபுக்குச் சாதாரணமாக 20 மி.மீ. வேண்டும். அதற்காகக் கம்பிக்கு அடியில் 'கவர் பிளாக்' என்ற சிறு கட்டைகளை வைப்பார்கள். அவற்றை வைக்காமல் கம்பியைப் பலகை மேலேயே கிடத்திக் கான்கிரீட் கொட்டினால், ஈரமும் காற்றும் சீக்கிரம் கம்பியைத் தொட்டுவிடும். துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் காரையை வெடிக்கச் செய்து கீழே தள்ளும்.

இன்னொரு சொல் 'கியூரிங்'. கான்கிரீட் போட்டபின் அதை ஈரமாகவே வைத்திருப்பது. இந்தியத் தர விதிப்படி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். கலப்புச் சிமெண்டுக்கும் கடும் வெயில் காலத்துக்கும் 10 நாள். இன்று கடைகளில் அதிகம் விற்பது கலப்புச் சிமெண்ட் என்பதால் 10 நாளுக்குக் குறையாமல் தண்ணீர் கட்டுங்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத காலனியில், அன்று அந்த வேலைக்குத் தண்ணீர் வண்டியை யார் அனுப்பியிருப்பார்கள்?

ஆக, என் தங்கை தட்டில் விழுந்த காரை, நாங்கள் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே, ரூஃப் போட்ட நாளிலேயே விழத் தொடங்கிவிட்டது. எவ்வளவு வெள்ளை அடித்தாலும் அந்தக் கம்பி துருப்பிடித்திருக்கும். அந்த அதிகாரி பராமரிப்பைப் பற்றிப் பேசவில்லை. சாதியைப் பற்றிப் பேசினார். அவருக்குப் பதில் சொல்ல எங்களுக்கு அன்று ஒரு சொல் இல்லாமல் போனது. அந்தச் சொல் 20 மி.மீ.

கான்கிரீட் வீடு வந்த பிறகு

தீப்பிடிக்காத வீடு வந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நம்பினோம். 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான காவலர்கள் புகுந்தார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தில் நல்ல வீடுகள் எழும்பியிருந்த ஊர் அது. கதவுகளும் ஜன்னல்களும் வீட்டுப் பொருட்களும் உடைக்கப்பட்டன. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, சூறையாடி எரிக்கப்பட்டன. வெண்மணியில் கூரை எரிந்தது. நத்தத்தில் கான்கிரீட் கூரைக்குக் கீழே பீரோவும் சான்றிதழும் துணிமணியும் எரிந்தன. நம் வீடு நன்றாக இருப்பதே சிலருக்குக் கோபத்தை மூட்டுகிறது என்பதை அந்த இரண்டு ஊர்களும் சொல்கின்றன.

எரிந்த கான்கிரீட் வீட்டைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பெரும் வெப்பம் பட்ட கான்கிரீட் நின்றுகொண்டே பலமிழக்கும். சில வகை ஜல்லி சேர்ந்த கான்கிரீட் இளஞ்சிவப்பாக நிறம் மாறும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டிய இடம் பொத்தென்று ஒலிக்கும். புகைக் கறையைக் கழுவி வெள்ளை அடித்து "சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரின் ஆய்வறிக்கை கேளுங்கள்.

இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள், வீடு எரிக்கப்பட்டால் அல்லது அழிக்கப்பட்டால் அரசே தன் செலவில் செங்கல் அல்லது கல் கட்டுமான வீடு கட்டித் தர வேண்டும் என்கின்றன. 'செங்கல் அல்லது கல் கட்டுமானம்' என்பது விதியிலேயே இருக்கும் சொல். தகரக் கொட்டகையையும் கீற்றுக் கூரையையும் நிவாரணம் என்று காட்டினால், அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சுவர்

சுவரில் பல வகை உண்டு. ரூஃபின் பாரத்தைத் தாங்குவது பாரச்சுவர். அறையைப் பிரிப்பது பார்ட்டிஷன். இடத்தின் எல்லையைக் காட்டுவது காம்பவுண்டு. மேட்டு மண் சரிந்துவிடாமல் தாங்குவது தடுப்புச் சுவர், ரீடெய்னிங் வால். நமக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்று தெரியும்: தீண்டாமைச் சுவர். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட அந்தச் சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை போராட வேண்டியிருந்தது.

2019 டிசம்பர் 2 விடிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் ஒரு தனியார் இடத்தின் உயரமான கருங்கல் சுவர் பக்கத்து ஆதிதிராவிடர் வீடுகள் மீது சரிந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டதாக அங்குள்ள மக்கள் சொன்னார்கள். செய்திகளில் அது மழையால் நேர்ந்த விபத்தாக வந்தது. நீதி கேட்டுப் போராடியவர்கள் மீது தடியடி நடந்தது.

ஆளுயரக் காம்பவுண்டும் தன் எடையோடு காற்றையும் தாங்க வேண்டும். சுவர் உயர உயர, காற்றையும் நனைந்த மண்ணையும் தாங்க அகலமான அடித்தளம் வேண்டும், இடையிடையே தூண்கள் வேண்டும். பின்னால் மண் இருந்தால், தேங்கும் தண்ணீர் வெளியேறச் சுவரில் துளைகள் வேண்டும். தண்ணீர் வெளியேற வழியில்லாத சுவரின் பின்னால் மழைக்காலத்தில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மழை எதிர்பாராதது அல்ல. அது வருடா வருடம் வருவது. அதைக் கணக்கில் எடுக்காமல் சுவர் எழுப்புவது ஒரு முடிவு. அந்த முடிவை எடுத்தவர் யார், அதைப் பார்க்க வேண்டிய அதிகாரி யார் என்று கேட்டால்தான் 'விபத்து' என்ற சொல் கீழே விழும்.

உங்கள் தெருவை ஒட்டி உயரமான சுவர் இருந்தால் இன்றே நான்கு விஷயம் பாருங்கள்: தூண் இருக்கிறதா, தண்ணீர் போகத் துளை இருக்கிறதா, சுவர் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறதா, நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா. சாய்வைப் பார்க்கத் தூக்குக்குண்டு போதும். உங்கள் தெருவிலேயே யாராவது ஒரு கொத்தனாரிடம் இருக்கும்.

விரிசல்

எல்லா விரிசலும் ஆபத்தல்ல. பூச்சில் மயிரிழை மாதிரி வலைபோல ஓடுவது பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவதும், செங்கல் இணைப்புகள் வழியே படிக்கட்டு மாதிரி ஓடுவதும் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். விரிசல் வளர்கிறதா என்று பார்க்க எளிய வழி, அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதுவது. கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். படம் எடுத்து வையுங்கள்.

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. 1993இல் கட்டப்பட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை, ஏனென்றால் விரிசலைப் பார்த்த மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில், புதிதாகக் குடிவந்தவர்கள் சுவர்ப் பூச்சைக் கையால் சுரண்டிக் காட்டினார்கள்; அது மணலாக உதிர்ந்தது. அந்தக் காட்சி பரவிய பிறகு அரசு சென்னை ஐ.ஐ.டி.யை ஆய்வு செய்யச் சொன்னது. இரண்டு இடத்திலும் முதல் ஆய்வாளர்கள் அங்கே வாழ்ந்தவர்கள்தான்.

எம்-புக்

கடைசிச் சொல். வேலை நடக்க நடக்க நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் ஓவர்சீயர் அளந்து எழுதும் புத்தகம் 'எம்-புக்', அளவுப் புத்தகம். அதில் ஏறியதற்குத்தான் பில். சுவரில் இல்லாதது அதில் இருக்கலாம். சுவரில் இருப்பது அதில் இல்லாமலும் போகலாம், பெரியம்மாவின் லிண்டல் மாதிரி.

2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஆவணம் கேட்கும் சட்டம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதன் 2ஆம் பிரிவு, பொது நிதியில் நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. காலனியில் அரசு கட்டும் சமுதாயக் கூடத்தின் கலவையை ஒரு கல்லூரி மாணவர் கேட்டு வாங்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. எஸ்டிமேட் நகல், எம்-புக் நகல், மாதிரி: இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லாமல் "வீடு சரியில்லை" என்று எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு வரி வரும்.

பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். அன்று வேப்பமரத்தடியிலேயே மனு எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். லிண்டல் போட்ட தேதி, கம்பியின் கனம், எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை நாள் தண்ணீர் விட்டார் என்று எல்லாமே அவருக்கு மனப்பாடம். எம்-புக் நகல் வேண்டும் என்று கடைசி வரியில் சேர்த்தோம். பத்து நாளில் ஓவர்சீயர் டேப்போடு வந்தார். பெரியம்மா அவரிடம் டேப்பின் ஒரு முனையை வாங்கி, தானே சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமூகவியல் படித்தாலும் சட்டம் படித்தாலும், இந்த விடுமுறையில் உங்கள் காலனியில் ஒரு பத்து வீட்டுக்குப் போங்கள். பட்டா அளவு, கட்டிய வருடம், திட்டத்தின் பெயர், பேஸ்மட்ட உயரம், கம்பி தெரியும் இடங்கள், விரிசல்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். போகும்போது அந்தத் தெருவின் சித்தாள் அக்காவையோ கொத்தனார் அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள். சொல்லிக் கொடுக்கப் போவது அவர்கள். எழுதப் போவது நீங்கள். நம் வீடுகளின் எம்-புக்கை இனி நாமும் எழுதி வைப்போம்.

ஜெய்பீம்.